எண் அழிந்த நூல்

310 கறுப்பு.
அது எல்லாருக்கும் கறுப்பு.
அதில் எனக்கும் உலகத்துக்கும் தகராறு இல்லை.

321 சிவப்பு என்கிறது அட்டவணை,
699 பச்சை என்கிறது அதே அட்டவணை.
நம்புகிறேன்.
ஓலசுண்டில் நாளை மழை என்று
வானொலி சொன்னால் நம்புவதில்லையா, அப்படி.

பத்தொன்பது வயதில்
மாலுமிப் பள்ளி மருத்துவர்
புள்ளி புள்ளியாய் ஒரு பக்கத்தை நீட்டி
என்ன எண் தெரிகிறது என்றார்.
எண் எதுவும் இல்லை என்றேன்.
இடப்பக்க விளக்கையும் வலப்பக்க விளக்கையும்
பிரித்தறியாதவன் கப்பலைத் திருப்பக் கூடாது,
படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கலாம்.
முப்பத்தொரு வருடம் கிழித்தேன்.

பிறகுதான் இந்தப் பெட்டி.
நூற்று நாற்பது அட்டைகளில் சுற்றிய நூல்,
ஒவ்வோர் அட்டையின் நெற்றியிலும் என் கையெழுத்தில் எண்.
நிறம் பார்த்து அடுக்குகிறவர்கள் அடுக்கட்டும்,
வானவில்லுக்கு நான் வேலைக்காரன் இல்லை.
819 குழந்தைக் கன்னத்தின் இளஞ்சிவப்பாம்,
820 நடுக்கடல் நீலமாம்,
ஒட்டுமில்லை உறவுமில்லை என்பார்கள்.
என் பெட்டியில் இரண்டும் அடுத்தடுத்த வீடு,
ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

கட்டம் எண்ணி,
ஆறிழையில் இரண்டை உருவி,
குட்டிக் குட்டிப் பெருக்கல் குறிகள்.
நான் பெருக்கிக்கொண்டே போகிறேன்,
விடையை வேறு யாரோ பார்க்கிறார்கள்.

நவம்பரில்
பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் குழாய் பிய்த்துக்கொண்டது.
பெட்டி கீழ்த்தட்டில் இருந்தது.
நூல் சாயம் விடவில்லை, நல்ல நூல்.
என் பேனா மைதான் ஓடிவிட்டது.
நூற்று நாற்பது நெற்றியிலும் நீலக் கறை.

ஹியோர்டிஸ் வந்தாள்,
வியாழக்கிழமைத் தையல் மேசையில் எனக்கு எதிரே உட்காருபவள்.
அரை நாள் ரொட்டிக் கடை, மீதி நாள் பேச்சு.
கையில் நிற அட்டை.
"இது பாசி" என்றாள்.
"ஈரப் பாசியா, காய்ந்ததா?"
முறைத்தாள்.
மூன்று பச்சையைச் சன்னலோரம் பரப்பி
இதுவா அதுவா என்று கண்ணைக் கசக்கினாள்.
வெளியே மூன்று மணிக்கே அந்தி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
தெரிகிறவர்களுக்கும் தெரிவதில்லை.
வாங்கி அடுக்கினேன்:
இருட்டு, அதைவிடக் கொஞ்சம் குறைந்த இருட்டு, வெளிச்சம்.
நிறம் குறுக்கே வந்து நிற்காததால்
படிகள் எனக்குத் துல்லியம்.
ஒத்துப் பார்த்தாள். சரி.
மறுபடி ஒத்துப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு
குடும்பப் பெயரை அவள் சொன்னாள்,
மூத்தது இளையதை நான் சொன்னேன்.
மீன் வடை தட்டிலேயே ஆறிப்போனது.
பதினொன்றரைக்கு ஒன்று மிஞ்சியது.
அட்டையில் எந்த வரிசையிலும் அது இல்லை.
"தயாரிப்பை நிறுத்தியிருப்பார்கள், ஆஸ்முண்ட்.
ஆனால் என்ன நிறம் தெரியுமா இது, அசல்..."
"சொல்லாதே" என்றேன்.

ரோவன் மரம் ஒன்று பாதியில் நின்றிருந்தது.
கிளை முடிந்தது, இலை முடிந்தது,
பழக்கொத்துக்கு 321 போடு என்கிறது படம்.
முப்பத்தொரு வருடம் சீட்டில் அச்சிட்ட நேரத்தைத்தான்
நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.
எண் அழிந்ததை எடுத்து ஊசியில் கோத்தேன்.
எழுபத்திரண்டு குறுக்குகள்.
தப்பாக எண்ணி நான்கைப் பிரித்தேன்.

வியாழக்கிழமை மேசையில் விரித்தபோது
காபிக் கரண்டிகள் நின்றன.
"இன்னும் பழுக்கவில்லையோ" என்றாள்
மேசைக் கோடியில் யாரோ.
ஹியோர்டிஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
மூக்கு துணியில் படும்படி குனிந்தாள்.
நிமிர வெகுநேரம் ஆனது.

"மிச்சம் இருக்கிறதா?"
ஒரு முழம்கூட இல்லை.
பாதியை வெட்டிக் கொடுத்தேன்.
வெற்று அட்டையில் சுற்றிக்கொண்டே
பேனாவைத் திறந்தாள்,
என்ன எண் போட என்றாள்.

எண் எதுவும் இல்லை என்றேன்.